முன்வரிசைத் துண்டும் 1805-ஆம் வருஷத்து நரியும்

பிளானோ, டெக்சாஸ்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, பாலசுப்ரமணியன் நமஸ்காரம். இங்கு அனைவரும் சௌக்கியம். தங்கள் முழங்கால் வலியும் என் தங்கையின் கோபமும் தணிந்திருக்கும் என நம்புகிறேன்.

விஷாகா சட்டம் படிக்கச் சேர்ந்தபோது, "டாக்டர், இன்ஜினியர் இருக்கற குடும்பத்துல வக்கீலா?" என்று போனில் சிரித்தீர்கள். அதற்குப் பதில் சொல்லவே இக்கடிதம்.

சனிக்கிழமை தமிழ்ச் சங்கத்தில் பட்டிமன்றம். எனக்கும் ருக்மிணிக்கும் விஷாகாவுக்குமாக, திருச்சி டவுன் பஸ்ஸில் ஜன்னல் வழியாக நாம் இடம் பிடிப்போமே அதேபோல, முன்வரிசையில் மூன்று நாற்காலிகள் மீது துண்டை விரித்துவிட்டு காபி குடிக்கப் போனேன், திரும்பி வந்தால் நடு நாற்காலியில் யாழ்ப்பாணத்துக் கஜமுகன் என் துண்டை அழகாக மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், கேட்டால், "அண்ணை, இதில துண்டுதானே கிடந்தது, ஆள் இல்லையே. நான் வந்து இருந்திட்டன்" என்கிறார், "துண்டு போட்டா எடம் நம்மளுது சார், இது உலக வழக்கம்!" என்று நான் கத்தின கத்தலில் நடுவரே மேடையை விட்டு இறங்கி வந்துவிட்டார்.

அப்போது எழுந்தாள் பாருங்கள் என் பெண்! "அப்பா, ஸ்டாப். இதுக்கு 1805-லயே ஜட்ஜ்மென்ட் இருக்கு" என்றாள். போஸ்ட் என்பவர் நாய்களோடு ஒரு நரியைத் துரத்தினாராம். பியர்சன் என்பவர் குறுக்கே புகுந்து அதைக் கொன்று தூக்கிப் போய்விட்டாராம். துரத்தினால் மட்டும் சொந்தமாகாது, பிடித்தவனுக்கே நரி என்று நியூயார்க் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதாம். "துண்டு இஸ் ஒன்லி சேஸிங், அப்பா. அங்கிள் காட் த சேர்."

சபையே கைதட்டியது. நான் இரண்டு மணி நேரம் சுவரோரம் நின்றேன். கால் கடுத்தது, ஆனால் பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பெற்ற அப்பன் என்றும் பாராமல் தீர்ப்புச் சொல்கிறாள், மாப்பிள்ளை! இவளைப் பார்த்தா சிரித்தீர்கள்?

ருக்மிணி எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள். குழந்தைகளுக்கு எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
வக்கீலின் தகப்பன் பாலு

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது விஷாகா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கஜமுகனின் மகன் முகுந்தும் இவளும் இரண்டு வருஷமாகப் பழகுகிறார்களாம், கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறார்களாம். "அப்போ அன்னிக்கு ஏண்டி அவர் பக்கம் பேசினே?" என்றேன். "அங்கிள் கோவிச்சுண்டு போயிருந்தா, ஹவ் வுட் ஐ டெல் ஹிம், அப்பா?" என்கிறாள். ஆகவே மேலே 'பெற்ற அப்பன் என்றும் பாராமல்' என்றிருப்பதை, 'வரப்போகும் மாமனாரைப் பார்த்து' என்று திருத்திப் படித்துக்கொள்ளவும்.