புதிதாய் வாங்கிய பழங்காசு

காசு கொடுத்துக் காசு வாங்கும் ஓர் இனம் நம்மிடையே நடமாடுகிறது. பைத்தியம் என்று நினைத்துவிடாதீர்கள். படித்தவர்கள், பென்ஷன் வாங்குகிறவர்கள், கரண்டு பில்லைக் கெடுவுக்கு முன்பே கட்டுகிறவர்கள். தபாலில் வரும் அந்தக் காசைக் கடையில் நீட்டினால் ஒரு வெற்றிலைகூடக் கிடைக்காது. நீட்டவும் மாட்டார்கள், நீட்ட வேண்டுமானால் தொட வேண்டுமே! இவர்கள்தான் நினைவு நாணயக்காரர்கள்.

ஆலங்காயம் ராஜாக்கண்ணு இதில் முற்றிய ரகம். லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் கம்பத்தில் வெறுங்கையோடு ஏறி இறங்கிய மனிதர், இன்று ஒரு காசைத் தொட வெள்ளைக் கையுறை மாட்டுகிறார்.

அவர் வீட்டுக்குப் போனால் உடனே காபி வராது. ஈரக் கை ஆகாது. மின்விசிறியை நிறுத்துவார், கையுறை மாட்டுவார், பீரோவைத் திறப்பார், பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் வெல்வெட், வெல்வெட்டுக்குள் கண்ணாடி உறை, உங்களுக்கு வேர்த்துக் கொட்டி முடிந்தபின் உறைக்குள் ஒரு வெள்ளிக் காசு: நடுவில் புலி, பக்கத்தில் இரண்டு மீன், ஒரு வில். “ராஜா காலத்துக் காசாங்க?” என்று கேட்டீர்களோ, தொலைந்தீர்கள்.

“ராஜா காலத்துக் காசு மாதிரி. போன வருஷம் அடிச்சது. தொடாதீங்க! மூச்சு பட்டுடப் போவுது!”

அதன் பெருமையே கறுப்புதான். ஆயிரம் வருடம் மண்ணில் கிடந்த களை வர வேண்டுமென்று, அடித்த இடத்திலேயே கருக்கி அனுப்பியிருந்தார்கள். அந்தக் கறுப்புக்குத் தனி விலை.

இந்த இனத்துக்கு வாழ்க்கையில் லட்சியம் ஒன்றே ஒன்று: கண்காட்சியில் தன் பெயர் போட்ட ஒரு மேஜை. ஏழு வருடம் வெறும் பார்வையாளராகப் போய் வந்த ராஜாக்கண்ணுவுக்கு இந்த மாசியில் வேலூரில் அது கிடைத்தது. கண்காட்சிக்கு முதல் நாள் போட்டோ எடுக்கக் காசை உறையிலிருந்து பிரித்தார். அப்படியே வைத்துவிட்டு, புது வெல்வெட் வாங்க வாணியம்பாடிக்கு பஸ் ஏறினார். திரும்பி வந்து பார்த்தால் காசு இருந்தது. கண் கூசியது.

“இன்னாடி பண்ணே?”

மனைவி சம்பூர்ணம் முந்தானையில் கையைத் துடைத்தபடி சிரித்தாள். “நாலு பேரு பாக்குற எடத்துக்குப் போற பொருளு, இப்டியா கறுத்துக் கெடக்கும்? மலையிலேர்ந்து மாணிக்கம்மா புளி குடுத்துட்டுப் போச்சு. அரை மணி நேரம் தேச்சேங்க. கையே வலிக்குது.”

“ஐயோ, அது அழுக்கு இல்லடி! காசு குடுத்து வாங்குன கறுப்பு!”

“கறுப்புக்குக் காசா? அப்ப நம்ம வெந்நீர்க் குண்டானைத் தூக்கிட்டுப் போங்க. மொதப் பரிசு உங்களுக்குத்தான்.”

அன்று ராஜாக்கண்ணு சாப்பிடவில்லை. அழுகையே வந்துவிட்டது. போகாமலும் இருக்க முடியாது. மேஜைமேல் பெயர் எழுதி ஒட்டிவிட்டார்களே!

வேலூர் மண்டபத்தில் எல்லா மேஜையிலும் கறுப்புக் காசுகள் கம்பீரமாக வீற்றிருந்தன. இவருடையது மட்டும் கல்யாணக் குத்துவிளக்காக மின்னியது. சங்கத் தலைவர் விஜயராஜ் பூதக்கண்ணாடியோடு வந்தார். நாற்பது வருட அனுபவம். அவர் உதட்டைப் பிதுக்கினால் மேஜை காலி. தலைவர் குனிந்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் காதோரம் கேட்டார்.

“புளியா, எலுமிச்சம் பழமா?”

“புளிங்க.”

“எங்க வூட்ல எலுமிச்சம் பழம். மூணு காசு போச்சு. வெளிய சொல்லிடாதீங்க.”

தோளைத் தட்டிவிட்டு அடுத்த மேஜைக்குப் போய்விட்டார். மேஜை பிழைத்தது. ராஜாக்கண்ணு அரைக் கிலோ மிக்சரோடு வீடு திரும்பினார்.

“மத்தவங்க காசெல்லாம் எப்டி இருந்துச்சு?” என்று கேட்டாள் சம்பூர்ணம்.

“எல்லாம் கறுப்புதான்.”

“ஐயோ பாவம். வூட்ல பாத்துக்க ஆளில்ல போலக்குது.”

பதில் சொல்லத் திறந்த வாயில் ராஜாக்கண்ணு ஒரு பிடி மிக்சரைப் போட்டுக்கொண்டார்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். அதற்குமுன் உங்கள் டிவி ரிமோட்டைக் கொஞ்சம் கையில் எடுங்கள். வாங்கி மூன்று வருடமாகிறதே, அந்த பிளாஸ்டிக் உறையை ஏன் இன்னும் பிரிக்கவில்லை?