பத்தொன்பது எண்ணெய் ஓட்டுகள்

"ஆறாம் வார்டு. செல்லாத வாக்குகள் இருபத்திரண்டு. காரணம்: வெற்றிலைச் சாறு மூன்று, எண்ணெய் பத்தொன்பது."

என் பழைய நோட்டில், ஆடி மாதம், வெள்ளிக்கிழமை என்று தலைப்பிட்டு, என் கையெழுத்திலேயே இருக்கும் குறிப்பு இது. வருஷம் எழுதியிருந்த மூலையைப் பூச்சி தின்றுவிட்டது. (தேதி இல்லாமல் ஒரு வரி எழுதினாலும் எனக்கு அன்று சோறு இறங்காது. பூச்சிக்கு அது தெரிந்திருக்கிறது.) அறுபதுகளின் முற்பாதி என்பது மட்டும் நிச்சயம். அந்தத் தேர்தலில் என் அத்தானைத் தோற்கடித்தவர் அவரை எதிர்த்து நின்றவர் என்றுதான் அரசாங்கக் காகிதம் சொல்லும். உண்மையில் தோற்கடித்தவன் நான்.

அப்போது எனக்கு வயது இருபத்திரண்டு. தென்காசியில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. வேலை போக மிச்ச நேரத்தில் எங்கள் பஞ்சாயத்தின் தேர்தல் வரலாற்றை வார்டு வாரியாக எழுதிக்கொண்டிருந்தேன். எந்த வார்டில் யார் நின்றார், எத்தனை ஓட்டு, யார் வாபஸ் வாங்கினார், ஏன் வாங்கினார், எல்லாம். எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஊர் இலஞ்சிக்குப் பக்கம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பெயரைச் சொன்னால் மில் அண்ணாச்சியின் பேரன்மார் சண்டைக்கு வருவார்கள்.

ஆறாம் வார்டின் வரலாறு ரொம்பச் சுருக்கமானது. இரண்டு தேர்தல் நடந்திருந்தது. இரண்டிலும் அரிசி மில் வைத்திருந்த மில் அண்ணாச்சி ஜெயித்தார். இரண்டிலும் என் அக்காவின் கணவர் தோற்றார். அத்தானுக்குத் தென்காசியில் வாடகைச் சைக்கிள் கடை. மூன்றாம் முறையும் நிற்கப்போகிறேன் என்று அவர் சொன்ன அன்று, அக்கா சூடத்தட்டோடு வந்து நின்றாள்.

"நில்லுங்க, வேண்டாங்கல. ஆனா இதுதான் கடைசி. இந்தத் தடவையும் தோத்தா, எலெக்சன்ங்கற பேச்சே இந்த வீட்டுல வரப்படாது. சத்தியம் பண்ணுங்க."

அத்தான் எரிகிற சூடத்தில் அடித்துச் சத்தியம் செய்தார். ஆக அவருக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு வாய்ப்பு. அதைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். "மாப்ளே, நீ படிச்சவன். எப்படியாவது கரையேத்தி விட்ரு."

போன தேர்தலில் நாங்கள் தோற்ற விதம் தனி. வோட்டுப்பதிவு அன்று சாரல் கட்டியிருந்தது. மில் அண்ணாச்சி காலையிலேயே இரண்டு வண்டி கட்டி, அத்தானின் ஆட்களாகப் பார்த்துக் குற்றாலத்துக்குக் குளிக்க அனுப்பிவிட்டார். நல்ல சாரலில் குற்றாலத்துக்குப் போன எங்கள் ஊர்க்காரன் தானாகத் திரும்பி வந்ததாக வரலாறு கிடையாது. அவர்கள் வந்து சேர்ந்தபோது பெட்டிக்கு அரக்கு வைத்தாகிவிட்டது.

இந்தத் தடவையும் ஆடி மாதம். இந்தத் தடவையும் சாரல். நான் ஒரு திட்டம் போட்டேன். அவர் கூட்டிக்கொண்டு போவதற்கு முன்னால் நாமே விடியற்காலையில் நம் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய், எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இட்லி வாங்கிக் கொடுத்து, பத்து மணிக்குள் நேராக வோட்டுச்சாவடியில் இறக்கிவிடுவது. குளித்தவன் மறுபடி குளிக்கப் போகமாட்டான் அல்லவா?

அத்தான் தலையைச் சொறிந்தார். "ஏன் மாப்ளே, குளிக்காமப் போட்டா ஓட்டு செல்லாதோ?"

"உங்களுக்கு அரசியல் தெரியாது அத்தான்" என்றேன். (இரண்டு முறை தேர்தலில் நின்ற மனிதரிடம் சொன்னேன்.)

வியாழக்கிழமை விடியற்காலை இரண்டு வண்டிகளில் பத்தொன்பது பேர். கூட ஒரு டின் நல்லெண்ணெய். அருவிக்கரையில் ஏழு மணிக்கெல்லாம் ஆள் ஆளுக்கு உட்காரவைத்து, உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை தேய்த்தாயிற்று. நான் மட்டும் தேய்த்துக்கொள்ளவில்லை. கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது. அதில் எண்ணெய் பட்டுவிடக் கூடாதே என்ற முன்ஜாக்கிரதை.

பத்தொன்பது பேரும் கோவணத்தோடு எழுந்து அருவியைப் பார்த்து நடந்தார்கள். அப்போது மேலே மலையில் உருமல் கேட்டது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் செம்மண் நிறமாயிற்று. மரக்கிளை ஒன்று விழுந்தது. அப்புறம் ஒரு முழு மரமே விழுந்தது. போலீஸ்காரர் விசிலை ஊதிக்கொண்டு ஓடி வந்தார். வெள்ளம். யாரும் அருவிப் பக்கம் போகக் கூடாது.

"சரி, வாங்க, போவோம்" என்றேன்.

கூட்டத்துக்கு மூத்தவர் சுப்பையா அண்ணாச்சி அப்படியே பாறையில் உட்கார்ந்துவிட்டார். "எங்கலே போவ? தேச்ச எண்ணெயோட காத்துல போனா நெஞ்சுல சளி கட்டிச் செத்துருவேம். ஓட்டை எம் பொணமா வந்து போடும்? வெள்ளம் வடியட்டும்."

எட்டு மணிக்கு வடியும் என்றார்கள். பத்து மணிக்கு நிச்சயம் வடியும் என்றார்கள். பன்னிரண்டு மணிக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இட்லி தீர்ந்து, வடை தீர்ந்து, இரண்டு பேர் எண்ணெயோடு படுத்துக் குறட்டை விட்டார்கள். மூன்றரை மணிக்கு நான் கிட்டத்தட்ட அழுதுவிட்டேன். ஐந்து மணிக்குச் சாவடி மூடிவிடும். கடைசியில் அந்த முகத்தைப் பார்த்துத்தான் வண்டி ஏறினார்கள்.

வழியில் சுப்பையா அண்ணாச்சிக்குச் சந்தேகம். "ஏலே, இப்படியே போனா உள்ள விடுவானா?"

"விதிப்புத்தகத்தை மூணு தடவை படிச்சிருக்கேன் அண்ணாச்சி. எண்ணெய் தேய்ச்சவன் ஓட்டுப் போடக் கூடாதுன்னு ஒரு இடத்துலயும் இல்ல."

அது உண்மைதான். இன்றும் இல்லை.

நாலேமுக்காலுக்குச் சாவடிக்குள் நுழைந்தோம். அதிகாரி சிவகிரிப் பக்கத்திலிருந்து வந்திருந்த பள்ளிக்கூட வாத்தியார். வரிசையில் பளபளவென்று நின்றவர்களைப் பார்த்து எழுந்துவிட்டார். "இது என்னய்யா, ஓட்டுச்சாவடியா, வடைச் சட்டியா?" விரலில் வைத்த மை நிற்காமல் மணிக்கட்டுக்கு ஓடியது. வாசற்படியில் நின்றிருந்த மில் அண்ணாச்சி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பேசாமல் இருந்ததிலேயே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். முந்தைய தேர்தல்களில் எங்கள் வார்டில் வேட்பாளருக்கு ஒரு பெட்டி. சீட்டை வேண்டிய பெட்டியில் போட்டால் தீர்ந்தது. சீட்டு எப்படி இருந்தால் என்ன? இந்த முறை எல்லோருக்கும் ஒரே பெட்டி. சீட்டில் அச்சிட்ட சின்னத்தின்மேல் முத்திரை குத்தி, மடித்துப் போட வேண்டும். அத்தானுக்குக் குடை. மில் அண்ணாச்சிக்கு அரிக்கேன் விளக்கு.

மறுநாள் காலை எண்ணிக்கை. அத்தானின் ஏஜெண்டாக நான் விதிப்புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். ஆரம்பத்திலேயே விளக்குக்கு விழுந்த மூன்று சீட்டுகளில் வெற்றிலைச் சாறு பட்ட விரல் அடையாளம் இருந்தது. அதிகாரி போனால் போகிறது என்று அவற்றைச் செல்லும் கட்டில் வைக்கப் போனார். நான் துள்ளி எழுந்தேன்.

"ஐயா! வாக்காளர் இன்னார் என்று அடையாளம் காட்டக்கூடிய எந்தக் குறி இருந்தாலும் அந்தச் சீட்டு செல்லாது. விதியை அப்படியே வாசிக்கட்டுமா?"

வாசித்தேன். இரண்டு தடவை வாசித்தேன். ஐந்து நிமிஷம் நின்றபடி பேசினேன். என் வக்கீல்கூட அப்படி வாதாடி நான் பார்த்ததில்லை. அதிகாரி யோசித்தார், தலையை ஆட்டினார், மூன்றையும் தள்ளுபடி செய்தார். அத்தான் என் முதுகில் தட்டினார். அவ்வளவு பெருமையாக அவர் என்னைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. (கடைசித் தடவையும்.)

அதிகாரி பெட்டியின் பக்கத்தகட்டில் ஒட்டியிருந்ததைப் பிடித்து இழுத்தார். வந்தது சீட்டு அல்ல, ஒரு கட்டி. பொரிப்பதற்கு முன்னால் ஈரத்தில் ஒட்டிக்கொண்ட அப்பளம் மாதிரி பத்தொன்பதும் ஒன்றாக வந்தன. மெதுவாக உரித்து ஒன்றை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். காகிதம் கண்ணாடியாகி, அந்தப் பக்கம் தெருவில் போகிற மாடு தெரிந்தது. முத்திரை மை கலங்கி, மடித்த இடத்தில் குடையிலும் ஒன்று, விளக்கிலும் ஒன்று.

மில் அண்ணாச்சி அப்போதுதான் வாயைத் திறந்தார். குரலில் அவ்வளவு மரியாதை. "ஐயா, அடையாளம் காட்டுத குறி இருந்தா செல்லாதுன்னு இந்தத் தம்பி இப்பதான வாசிச்சாரு? நேத்து எண்ணெயோட வந்தது யாரு யாருன்னு ஊருக்கே தெரியும். பேரு வேணும்னா நான் சொல்லுதேன்."

அதிகாரி என்னைப் பார்த்தார். "என்ன தம்பி, விதியை இன்னொரு தடவை வாசிக்கீங்களா?"

என் வாழ்க்கையில் புத்தகத்தை மூடிய ஒரே சந்தர்ப்பம் அது.

அத்தான் ஒரே ஒரு ஓட்டில் தோற்றார். வெளியே வரும்போது மில் அண்ணாச்சி அவர் தோளில் கை போட்டு, "குடைக்கு எதுக்குவே எண்ணெய்? எண்ணெய் எல்லாம் விளக்குக்குத்தான்" என்றார். ஊர் சிரித்தது. சுப்பையா அண்ணாச்சியும் சிரித்தார். அவருக்குச் சளி பிடித்திருந்ததால் இருமலும் சேர்ந்து வந்தது.

அத்தான் சொன்ன சொல் தவறவில்லை. அதற்குப் பிறகு எந்தத் தேர்தலிலும் நிற்கவில்லை. தெருவில் மைக் செட் போனால் எழுந்து போய்ச் சைக்கிளுக்குக் காற்றடிப்பார். என்னோடு பேச ஆறு மாதம் ஆயிற்று. இன்றும் தீபாவளிக் காலையில் எங்கள் வீட்டில் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தால், சின்னப் பிள்ளைகள்கூட, "மாமா, பூத்துக்குப் போயிட்டு வந்து தேய்ச்சுக்கிடுங்க" என்கிறார்கள். பொங்கலுக்கு அப்பளம் பொரித்தாலும் அதே கதைதான்.

ஆனால் வரலாறு எழுதுகிறவன் என்பதால் ஒன்றைச் சொல்லாமல் விடமுடியவில்லை. அன்று முடிவு தெரிந்து நாங்கள் வீட்டுக்கு வந்தபோது அக்கா அழவில்லை, திட்டவும் இல்லை. இலை போட்டுச் சாப்பாடு வைத்தாள். கடைக்கு மத்தியானமே போய்விடுங்கள் என்று அத்தானிடம் சொன்னாள். இலையில் பாயசம் இருந்தது. முடிவு வருவதற்கு முன்னால் வைத்த பாயசம். ஜெயித்தால் ஊற்றுவதற்காக வைத்திருப்பாள் என்று அத்தான் நினைத்தார். நானும் நினைத்தேன்.

அத்தான் காலமான பிறகு ஒருநாள், துணிந்து கேட்டேன். "அக்கா, நீ அன்னைக்கு யாருக்குப் போட்ட?"

அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள். "ஏலே, ரகசிய ஓட்டுன்னு உன் புத்தகத்துல போட்டிருக்கா, இல்லியா?"

போட்டிருக்கிறது. ஆகவே ஆறாம் வார்டின் கணக்கில் ஒரே ஒரு பதிவு மட்டும் இன்னும் முழுமையாகவில்லை. வித்தியாசம் ஒரு ஓட்டு. அக்காவின் ஓட்டு எந்தச் சின்னத்துக்கு என்பது உறுதி செய்யப்படவில்லை.