பிறப்புகள் பகுதியில் காலியாக விட்டிருக்கும் இடம் குறித்து

நாட்டின் ஆண்டுத் தொகுப்பு நூலின் ஆசிரியர் அவர்களுக்கும், என் மனைவியின் மூத்த அண்ணன் அவர்களுக்கும் (இருவரும் ஒருவரே என்பதால் ஒரே உறையில்), லிஃப்ட் மெக்கானிக்காகிய உங்கள் தங்கை கணவன் பணிவான வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கே நலம் என்று எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன். உங்கள் நலமும் உங்கள் வீட்டு அக்காவின் முழங்கால் நலமும் அறிய ஆவல். நேற்றுத் தொலைபேசியில் பேசியபோது, "எதுவா இருந்தாலும் எழுத்துல குடுங்க மாப்பிள்ளை" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். ஆகவே எழுத்தில் கொடுக்கிறேன். கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். இந்த ஆண்டின் தொகுப்பில், 'பிறப்புகள்' பகுதியில், என் மகளைச் சேர்க்க வேண்டும். சேர்க்கும்வரை நான் விடுவதாக இல்லை.

போன வாரம் உங்கள் அலுவலகக் கட்டடத்தின் லிஃப்ட் நான்காவது மாடியில் கதவைத் திறக்க மாட்டேன் என்று அடம்பிடித்ததால் வந்திருந்தேன். நீங்கள் இல்லை. மேஜையில் இந்த ஆண்டுக்கான அச்சுப் பிழை திருத்தும் தாள்கள் விரித்துக் கிடந்தன. கையெல்லாம் கிரீஸ் என்பதால் எதையும் தொடாமல் குனிந்து படித்தேன். (ஓரத்தில் இருக்கும் கட்டைவிரல் ரேகை பற்றி உங்கள் உதவி ஆசிரியர் ஏதாவது சொன்னால் நம்ப வேண்டாம்.) 'நிகழ்வுகள்' என்று போட்டு, தேர்தல், வெள்ளம், துறைமுகத்தில் தரைதட்டிய கப்பல், நாடு முழுவதும் மின்சாரம் போன அந்தச் சாயங்காலம், எல்லாம் வரிசையாக இருந்தன. 'மறைவுகள்' பக்கம் பக்கமாகப் போயிற்று. நீதிபதி, பாடகி, பழைய மல்யுத்த வீரர், கடைசியில் மிருகக்காட்சி சாலையின் நீர்யானைக்குக்கூட அரை வரி. நடுவில் 'பிறப்புகள்' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு, அதற்குக் கீழே வெள்ளை. ஒரு பெயர் இல்லை. ஏன் மச்சான், இந்த ஆண்டு நம் நாட்டில் போனவர்கள் மட்டும்தானா? வந்தவர் ஒருவருமே இல்லையா?

உதவி ஆசிரியரைக் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் பதில் நமக்குச் சாதகமாக வராது என்பது எனக்குத் தெரியும்.

"பொறந்த உடனே எப்படிங்க போடுறது? பெரியாளா வரணும், நாலு பேருக்குத் தெரியணும். நாப்பது அம்பது வருஷம் கழிச்சு வர்ற பதிப்புல, பின்னாடி போய் அந்த வருஷத்துல சேர்த்துக்குவோம்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் காலியாத்தாங்க இருக்கும்."

"நீர்யானை என்ன பெரியாளா?"

"ஆளே பெரிசுதானங்க," என்றார். இப்படிப் பேசுகிறவரை வைத்துக்கொண்டு நீங்கள் எப்படி வேலை பார்க்கிறீர்கள் என்று தெரியவில்லை.

நான் கேட்பது சலுகை அல்ல. நீங்களே ஒத்துக்கொண்ட நிகழ்வில்தான் அவள் பிறந்தாள். அந்த மின்வெட்டுச் சாயங்காலம் உங்கள் தங்கை ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடிப் பிரசவ அறையில் இருந்தாள், நாள் நிறைய இன்னும் எவ்வளவோ இருந்தும் பிள்ளை அவசரப்பட்டுவிட்டது. "வெந்நீர் வாங்கிட்டு வாங்க" என்று நர்ஸ் என்னைக் கீழே துரத்தினார், அது என்னை அப்புறப்படுத்தும் வழி என்று இப்போது புரிகிறது. பிளாஸ்கோடு லிஃப்டில் ஏறினேன், இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நின்றது, விளக்குப் போயிற்று. நான் இத்தனை வருஷமாக எத்தனையோ பேரை வெளியே எடுத்திருக்கிறேன், 'பதறாதீங்க' என்று கதவுக்கு வெளியே நின்று சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு எனக்கு வியர்த்துக் கொட்டியது. கைபேசி வெளிச்சத்தில் சுவரில் ஒட்டியிருந்த அவசர எண்ணைப் பார்த்து அழைத்தேன். எண் உபயோகத்தில் இருப்பதாகச் சொன்னது. மறுபடி அழைத்தேன், மறுபடியும் அதே. எவன்டா இவன், அவசரத்துக்குப் போன் எடுக்காதவன் என்று வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் பார்த்தால், அது என்னுடைய எண். அந்தக் கட்டடத்தின் பராமரிப்பு என் பொறுப்பு என்பதே பயத்தில் மறந்துபோயிருக்கிறது.

அப்போதுதான் மேலேயிருந்து, லிஃப்ட் போய்வரும் அந்தக் கூட்டின் வழியாக, ஒரு சத்தம் இறங்கி வந்தது. பெரிய அழுகை எல்லாம் இல்லை, கதவுக்கு எண்ணெய் போடாவிட்டால் வருமே அந்த அளவுக்குத்தான். என் மகளை நான் முதலில் கேட்டது அப்படி. நாடே இருட்டில் இருந்த நேரத்தில் ஒருத்தி வந்து சேர்ந்திருக்கிறாள், நீங்கள் இருட்டை மட்டும் புத்தகத்தில் ஏற்றுகிறீர்கள்.

ஆனாலும் உதவி ஆசிரியர் கேட்டபடி ஆதாரம் தேடினேன். நாலு பேருக்குத் தெரியணும் என்றாரே, நாலு பேரிடம் கையெழுத்து வாங்கினேன். நர்ஸ், காவலாளி, கேன்டீன்காரர், பக்கத்துக் கட்டில் பெண்ணின் மாமியார். காவலாளி கையெழுத்துப் போட்டுவிட்டு, "எந்தக் குழந்தைங்க?" என்று கேட்டார், அதைப் பொருட்படுத்த வேண்டாம். மாமியார், தன் பேரனையும் சேர்த்தால்தான் போடுவேன் என்றார், சரி என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன், அதையும் பார்த்துச் செய்யுங்கள். தாளைக் கொண்டுபோய் நீட்டினால் உதவி ஆசிரியர் மறுபடி கண்ணாடியைக் கழற்றினார். நேராக அச்சகத்துக்குப் போனேன். அங்கே சாமான் ஏற்றும் லிஃப்ட் இழுத்து இழுத்துப் போய்க்கொண்டிருந்தது. கேட்காமலே சரிசெய்து கொடுத்துவிட்டு விஷயத்தைச் சொன்னேன். மேற்பார்வையாளர் காபி வாங்கிக் கொடுத்தார், முதுகில் தட்டிக் கொடுத்தார். "ஆசிரியர் கையெழுத்து இல்லாம நான் ஒரு புள்ளிகூட வைக்க மாட்டேன் தம்பி" என்றும் சொன்னார். ஆகப் பந்து உங்கள் பக்கம்தான் உருண்டு வந்திருக்கிறது.

உண்மைக் காரணத்தையும் எழுதிவிடுகிறேன். பிள்ளை இன்னும் கண்ணாடிப் பெட்டியில்தான் இருக்கிறாள். பிறந்தபோது என் உள்ளங்கையில் வைத்தால் மிச்சம் இடம் இருந்திருக்கும். கிட்டப் போய்ப் பார்த்தால் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு படுத்திருக்கிறாள், அப்படியே நீங்கள் கணக்கு வழக்குப் பார்ப்பதுபோல. டாக்டரிடம் எப்போது கேட்டாலும் "பார்க்கலாம்" என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது மச்சான். அச்சில் ஏறியதை எவராலும் இல்லையென்று ஆக்க முடியாது என்று நீங்கள்தான் அடிக்கடி சொல்வீர்கள். அதனால்தான் கேட்கிறேன். இவள் வந்தாள், இருக்கிறாள் என்று ஓர் இடத்தில் அழியாமல் இருக்கட்டும்.

உங்களுக்குச் சிரமம் வேண்டாமென்று நானே வரியை எழுதிவிட்டேன். பெயர் இன்னும் வைக்கவில்லை, 'லிஃப்ட் மெக்கானிக்கின் மகள்' என்று போதும். பிறகு உங்கள் நூலின் வழக்கப்படி அடைப்புக்குறி, பிறந்த ஆண்டு, ஒரு சிறு கோடு, கொஞ்சம் காலி இடம், அடைப்புக்குறி. நீர்யானைக்குக் கொடுத்த இடத்தில் பாதி போதும்.

பதில் வராவிட்டால் தினமும் நான்காவது மாடிக்கு வருவேன். உங்கள் லிஃப்டை நிறுத்திவிடுவேன் என்று மிரட்டுவதாக எண்ண வேண்டாம். அதற்கு வருடாந்தரப் பராமரிப்பு வருகிறது, அது எத்தனை நாள் பிடிக்கும் என்று இப்போதே சொல்ல முடியாது, அவ்வளவுதான். தினமும் உங்களுக்கு மதியச் சாப்பாடு கொண்டுவரும் அக்காவின் முழங்காலை நினைத்தாவது நல்ல முடிவு எடுங்கள்.

அக்காவுக்கு வணக்கம். மருமகப் பிள்ளைகளுக்கு என் ஆசிகள். உதவி ஆசிரியருக்கு ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
முடிவில் உறுதியாக இருக்கும்,
உங்கள் மாப்பிள்ளை.

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன்னால் உங்கள் தங்கையிடம் படித்துக் காட்டினேன். நீர்யானை வந்தபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் எழுதிய வரி வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"கோட்டுக்கு அந்தப் பக்கம் எதுக்குங்க எடம் விட்டிருக்கு?"

"அது... அவங்க வழக்கம்."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்தான்."

பெட்டியின் கண்ணாடிமேல் கையை வைத்துக்கொண்டாள். "அப்ப எங்க அண்ணன்கிட்ட சொல்லிருங்க. என் பொண்ணு பேர் பக்கத்துல அந்தக் கோடு வேண்டாம். அந்தப் புத்தகமே வேண்டாம்" என்றாள். அந்தக் காலி இடம் எந்த ஆண்டுக்காகக் காத்திருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை, மச்சான். ஆகவே மேலே எழுதிய அத்தனையையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். தவறிப்போய் எங்காவது சேர்த்திருந்தால் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். அந்த இடம் வெள்ளையாகவே இருக்கட்டும். அந்த மாமியாரிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

இதை எழுதும்போதே டாக்டர் வந்து எடை பார்த்துவிட்டு, "எடை நல்லா ஏறிடுச்சு, இனிமே பெட்டி வேண்டாம். நாளைக்கு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார். கடிதத்தை இன்றைக்கே ஆள்மூலம் கொடுத்தனுப்புகிறேன், காலையில் காரோடு ஆஸ்பத்திரி வாசலில் நில்லுங்கள். லிஃப்ட் நன்றாகத்தான் ஓடுகிறது, நானே இரண்டு முறை சோதித்துவிட்டேன். இருந்தாலும் நாங்கள் படியில்தான் இறங்குவோம், சற்று நேரமாகும்.