சார் போடச் சொன்ன பொடி

பொறாமை வந்தால் எல்லோருக்கும் வயிறு எரியும். எனக்குக் காதும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும்.

தொண்ணூறுகளின் கடைசியில் இரத்தினபுரியில் ஒரு தேயிலைப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். நிவித்திகல பக்கம் எங்கள் தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து வெள்ளைக் கோட்டு போட்ட முதல் ஆள் நான்தான் (பஸ்ஸிலும் அதைக் கழற்றமாட்டேன், சிரிக்காதீர்கள்).

என்னோடு சேர்ந்தவள் கோமதி. குருவிட்ட பஜாரில் அவள் அப்பாவுக்குத் துணிக்கடை. நாளுக்கொரு புதுச் சட்டை. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். கூடத்தின் தலைவரான எங்கள் சிங்களச் சார் அவளிடம் பொட்டு வைக்கும் வேலையைக் கொடுத்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

தேயிலைச் சாற்றிலுள்ள அமினோ அமிலங்கள் எங்கள் மெஷினின் கண்ணுக்குத் தெரியாது. ஒரு மருந்தைக் கலந்தால் அது அவற்றோடு ஒட்டிக்கொண்டு மின்னும். மெஷின் அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து, தாளில் மலை மலையாக வரைந்து காட்டும். இதை அம்மாவுக்கு விளக்கத்தான் பொட்டு என்று சொல்லிவைத்தேன்.

"தேயிலைக்கு எதுக்குடி பொட்டு? கொழுந்து சும்மாவே நல்லாத்தானே இருக்கு?" என்றார் அம்மா.

எங்கள் இருவரில் ஒருவருக்குத்தான் அந்த மெஷினில் நிரந்தர வேலை. அதை முடிவு செய்யும் வாரத்தில் கொழும்பிலிருந்து பெரிய ஆட்கள் கூடத்தைப் பார்க்க வந்தார்கள். கோமதி நீலச் சேலையில் சார் பக்கத்தில் நின்று அவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். அவள் சொல்வதற்கெல்லாம் சார் தலையாட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொட்டு வைக்கும் பொறுப்பு அன்று ஒருநாள் மட்டும் என் கையில்.

மருந்து கரைத்த போத்தல்கள் இரண்டு இருந்தன, பெரியது பழசு, சின்னது அன்று காலையில் கரைத்தது. எதை ஊற்றுவது என்று சாரிடம் கேட்டேன். என் கண் மட்டும் நீலச் சேலையில்.

"பொடி எக்க தான்ன," என்றார் சார்.

சிங்களத்தில் பொடி என்றால் சின்னது. சின்னதைப் போடு என்கிறார். எனக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அந்த நிமிடம் என் காது பச்சைத் தமிழாகிவிட்டது. அலுமாரியைத் திறந்து, கரைக்காத மருந்துப் பொடியை எடுத்துத் தேயிலைச் சாற்றில் ஒரு கரண்டி நிறையப் போட்டேன். கலங்கலாக இருந்தது. பரவாயில்லை, பொட்டு பெரிதாக விழட்டும் என்று மெஷினுக்குள் ஏற்றினேன்.

உள்ளே அடைத்துக்கொண்டு மெஷின் வீல் வீலென்று கத்தியது, அப்புறம் படுத்துவிட்டது. விருந்தினர் முன்னால் தாளில் ஒரு நேர்கோடு மட்டும் வந்தது.

கோமதி ஓடிவந்தாள். "ஏய் சரோ, என்னா போட்ட?"

"பொடிதான். சார்தானே போடச் சொன்னாரு!"

அவள் ஒரு கணம் விழித்தாள். பிறகு திரும்பி, சாரிடம் சிங்களத்தில் நடந்ததை விளக்கி, தமிழ்ப் பிள்ளை, உங்கள் வார்த்தைதான் குழப்பிவிட்டது என்று எனக்காகப் பேசினாள். சார் உட்பட எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் வேலை தப்பியது. மெஷின் அவளுக்கு, போத்தல் கழுவுவது எனக்கு. காப்பாற்றியதும் அவளே என்பதால் அவளை நிம்மதியாக வெறுக்கக்கூட முடியவில்லை. அதுதான் இன்னும் ஆறவில்லை.

இப்போது எங்கள் வீட்டில் பொறாமைக்குப் பெயரே பொடி. போன வாரம் கோமதி போன் செய்தாள், புது வீடு கட்டி முடித்துவிட்டாளாம், மாடியோடு.

"ரொம்ப சந்தோசம்டி," என்றேன்.

உள் அறையில் என் கணவரும் மகளும் ஒன்றாகத் தும்மினார்கள்.