படியில்லாத வாசலும் சபையின் செருப்புகளும்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. என் கையால் ஒரு வேலை உருப்படியாக நடந்துவிட்டால், அதை நாலு பேருக்குக் காட்டாமல் சோறு இறங்காது. (உருப்படியாக நடப்பதே அபூர்வம் என்பதால் வீட்டில் பொறுத்துக்கொண்டிருந்தார்கள்.) குன்னூரில் எங்கள் பின்வாசல் படியை இடித்தபோதும் அதுதான் நடந்தது.

இடித்தது மாமியாருக்காக. இடுப்பு எலும்பு உடைந்ததிலிருந்து அவருக்கு வீல்சேர்தான். எங்கள் வீட்டில் வெயில் விழுவது பின்பக்க முற்றத்தில் மட்டும். நடுவில் நாலு விரல் உயரத்துக்குப் படி. வெயிலுக்குப் போக ஒருவரைக் கூப்பிட வேண்டும், திரும்பி வரவும் கூப்பிட வேண்டும். எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் ஊரையே அதட்டி வளர்த்த டீச்சர் அவர். கெஞ்சிப் பழக்கமில்லை. அதனால் வெயிலே வேண்டாமென்று உள்ளேயே இருந்துவிட்டார். எனக்கு அது பொறுக்கவில்லை.

படியை எடுத்து ஹாலையும் முற்றத்தையும் ஒரே மட்டமாக்கினேன். முற்றத்துக்குப் பின்னால் மலைச்சரிவு. மழை பெய்தால் தண்ணீர் கதவை நோக்கித்தான் வரும். அதற்காக வாசலை ஒட்டிக் குறுக்கே ஒரு வாய்க்கால் வெட்டி, மேலே இரும்புக் கம்பி மூடி போட்டேன். தண்ணீர் கம்பிக்குள் இறங்கிவிடும், சக்கரம் மேலே உருண்டுவிடும். மறுநாளே மாமியார் யாரையும் கூப்பிடாமல் போய் வெயிலில் உட்கார்ந்திருந்தார். பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் வீடு மச்சான் பெயரில். கோவையிலிருந்து வந்து பார்த்தவர், "ஒரு சொட்டு உள்ள வந்தாலும் பழையபடி படிய வெச்சுப்போடுவேன் மாப்ளை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஐப்பசி மழை வந்தது. ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில் ஜெபக்கூட்டம் வைக்கலாம் என்றேன். (பக்தி முற்றிவிட்டது என்று மனைவி நம்பினாள்.) மச்சானையும் மறக்காமல் வரவழைத்தேன்.

வந்தவர்களை முற்றத்தில் நிறுத்தி, ஒரு வாளித் தண்ணீரை வாசலில் ஊற்றி, "பாத்தீங்களா, எங்க போச்சுன்னே தெரியாது" என்றேன். போதகருக்காக இன்னொரு வாளி. எல்லார் காலிலும் சேறு. ஹால் பாழாகுமே என்று பெரிய தேங்காய்நார் மிதியடியை வாசலோடு விரித்து, "இதுமேலயே விடுங்க, நனையாது" என்று உபசரித்தேன். சபையே அதன்மேல் செருப்பையும் ஷூவையும் அடுக்கிவிட்டு உள்ளே போனது. மிதியடிக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது, அப்போதுதான் வாளியைக் கீழே வைத்த எனக்கே தோன்றவில்லை.

போதகர் ஜெபத்தைத் தொடங்கினார், மழையும் தொடங்கியது. அவர் ஜெபத்தின் நீளம் ஊரறிந்தது. எல்லாரும் கண்ணை மூடியிருந்தோம். என் காலுறை நனைவது தெரிந்தது. குன்னூர்க் குளிரில் காலுறை எப்போதுமே ஈரமாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

"மாப்ளை" என்றார் மாமியார், ஜெபத்தின் நடுவில். "போதகரய்யா செருப்பு உள்ள வருதுங்க."

கண்ணைத் திறந்தால் ஹால் முழுக்கச் செம்மண் தண்ணீர். ரப்பர் செருப்பு ஒன்று நிதானமாக சோபாப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. சபை நாற்காலிமேல் ஏறியது, மச்சான் உட்பட. நான் வாளியை எடுத்து ஹால் தண்ணீரை முற்றத்தில் ஊற்றினேன். அது என்னோடு திரும்பி வந்தது.

வீட்டில் காய்ந்த காலோடு இருந்தவர் மாமியார் ஒருவர்தான். யாருடைய குடையையோ எடுத்துச் செருப்புகளை ஒதுக்கிக்கொண்டு, மிதியடிமேல் உருண்டு மழைக்குள் போனார். வீல்சேரைத் திருப்பி நிறுத்தி, குடையின் வளைந்த பிடியை மிதியடியில் மாட்டி ஒரே இழுப்பு. தண்ணீர் களகளவென்று கம்பிக்குள் இறங்கியது.

மச்சான் நாற்காலியிலிருந்து இறங்கித் தொண்டையைச் செருமினார். "நாளைக்கே படி வெச்சுப்போடலாம்மா."

"படி இருந்திருந்தா நான் எப்படிறா வெளிய வந்திருப்பேன்? நீங்கல்லாம் சேர்மேல நின்னுட்டு இருந்தீங்க."

படி இருந்திருந்தால் தண்ணீரே உள்ளே வந்திருக்காது என்பது எல்லாருக்கும் தெரியும். மழையில் நனைந்தபடி முறைக்கும் டீச்சரிடம் அதைச் சொல்ல ஒருவருக்கும் தைரியமில்லை. போதகர்தான் காப்பாற்றினார். பாதியில் நின்ற ஜெபத்துக்கு "ஆமென்" சொன்னார். சபையும் சொன்னது. மச்சானும் சொன்னார்.

படி திரும்ப வரவில்லை. இன்றும் யாராவது பின்வாசலில் செருப்பைக் கழற்றக் குனிந்தால், முற்றத்து வெயிலிலிருந்து மாமியாரின் குரல் வரும்.

"போட்டுட்டே உள்ள போங்க. வெளிய விட்டாலும் அதுவா வந்துருமுங்க."