தன் மேல் தப்பு எழுதச் சொன்ன கேஸ்கட்

முப்பத்திமூன்று வருடம் மோட்டார் வாகன ஆய்வாளராக இருந்தவன் நான். லைசென்ஸ் கேட்டு அழுதவர்கள், அபராதம் வேண்டாம் என்று அழுதவர்கள், இரண்டும் இல்லாமல் சும்மா அழுதவர்கள் என எல்லா வகை மனுதாரர்களையும் பார்த்திருக்கிறேன். “மேற்படி விபத்துக்கு நானே காரணம், தயவுசெய்து என் மேல் தப்பு என்று எழுதித் தரவும்” என்று மனுப் போட்ட ஒரே மனிதர், கம்பத்தில் ஜீப் மெக்கானிக்காக இருக்கும் கேஸ்கட்தான். மனுவின் அடியில் தன் நிஜப் பெயரை எழுதி, அதிகாரி குழம்பிவிடக் கூடாது என்று பக்கத்திலேயே ‘கேஸ்கட்’ என்றும் எழுதியிருந்தார்.

பெயர் வந்த கதை எளிது. எஞ்சினில் இரண்டு இரும்புப் பாகங்கள் சேரும் இடத்தில் கசியாமல் இருக்க ஓர் அட்டை வைப்பார்கள். அதுதான் கேஸ்கட். கடையில் விற்பது இவருக்குப் பிடிக்காது. கல்யாணப் பத்திரிகையில் வெட்டிக்கொள்வார். கனமான அட்டையில் பத்திரிகை அடித்த வீட்டுக் கல்யாணத்துக்கு முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போய் நிற்பார். மெல்லிய தாளில் அடித்தவர்களைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. குமுளியில் ஒரு மெக்கானிக் இவர் வேலை பார்த்த எஞ்சினைப் பிரித்தபோது, மணமகள் பெயரும் படித்த படிப்பும் எண்ணெயில் ஊறித் தெளிவாக இருந்ததாம்.

எஞ்சினின் உடம்பில் நீளமான ஸ்க்ரூ டிரைவரை ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்துத்தான் நோய் கண்டுபிடிப்பார். எனக்கு ஒருமுறை மூச்சு வாங்கியபோது, அதே ஸ்க்ரூ டிரைவரை என் சட்டைப் பொத்தான் மேல் வைத்துக் கேட்டுவிட்டு, “டேப்பட் சத்தம் கேக்குது சார், ஆஸ்பத்திரியில காட்டுங்க” என்றார். ஈசிஜி எடுத்துப் பார்த்ததில் ஒன்றும் இல்லை. சட்டையில் விழுந்த எண்ணெய்க் கறை மட்டும் இன்னும் இருக்கிறது.

இனி அந்த மனுவின் கதை.

கம்பத்திலிருந்து தினமும் விடிகாலையில் ஜீப்புகள் ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு மலை ஏறும். பதினோரு வருடத்துக்கு முன் அப்படி ஏறிய ஒரு ஜீப் ஒரு வளைவில் நின்று, பின்னால் உருண்டு, தடுப்புச் சுவரை உடைத்துச் சரிந்தது. உள்ளே இருந்த பதிமூன்று பெண்களும் கை, கால், இடுப்பு என்று ஆளுக்கொரு எலும்பை முறித்துக்கொண்டு பிழைத்தார்கள். டிரைவர் முருகேசன் பிழைக்கவில்லை. அவர் கேஸ்கட்டின் தம்பி. அந்த எஞ்சினைப் பிரித்துப் புதுப்பித்துக் கேஸ்கட் கொடுத்தது முந்தின இரவுதான்.

விபத்து வண்டியைப் பார்த்து அறிக்கை எழுதுவது என் வேலை. பிரேக், ஸ்டியரிங், டயர் எல்லாம் பார்த்தேன். “விபத்து இயந்திரக் கோளாறால் ஏற்பட்டதல்ல” என்று எழுதினேன். அந்த வாக்கியத்தை என் கை எத்தனை முறை எழுதியிருக்கும் என்பது எனக்கே தெரியாது. இயந்திரத்தில் கோளாறு இல்லை என்றால் மிச்சம் இருப்பது டிரைவர்தான். அடிபட்ட பெண்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள்: ஏதோ ‘கடக்’ என்றது, போன் பேசினான், கண் அசந்துவிட்டான். ஊருக்குக் கடைசியாகச் சொன்னதுதான் பிடித்திருந்தது. முருகேசன் தூங்கிவிட்டான் என்றே நிலைத்தது.

கேஸ்கட் என் அலுவலகத்துக்கு வந்தார். தம்பி தூங்கவில்லை, எஞ்சின்தான் ஜாம் ஆகியிருக்கிறது, வேலை செய்தது நான், என் மேல் எழுதுங்கள் என்றார். எழுதின அறிக்கையை மாற்ற முடியாது, மேல்முறையீடு செய்யுங்கள் என்றேன். செய்தார். திங்கள்கிழமை மனு நாளில் வரிசையில் நின்று கொடுத்தார். முதல் பதில், அவர் மீது குற்றச்சாட்டு ஏதும் நிலுவையில் இல்லை என்று மகிழ்ச்சியோடு தெரிவித்தது. அடுத்த மனு, என் அறிக்கை தவறு என்று சொல்லும் மனு, உரிய நடவடிக்கைக்காக எனக்கே அனுப்பப்பட்டது. விதிப்படி பரிசீலித்தேன். விதிப்படி நிராகரித்தேன். பழைய ஜீப்பும் காவல் நிலைய வாசலில் மழையில் கிடந்து, ஏலத்தில் இரும்பாகப் போய்விட்டது.

கடைசியாக வந்தபோது எனக்குப் பொறுமை இல்லை. “நீ வாயால சொன்னா ஆச்சாய்யா? சம்பந்தமில்லாத மூணாவது ஆள் கையெழுத்து வேணும், நேரம் வேணும், இடம் வேணும்” என்றேன். டாக்டர் மருந்து சொன்னதைக் கேட்டுக்கொள்வது போலத் தலையாட்டிவிட்டுப் போனார்.

நான் ஓய்வு பெற்று ஐந்து வருடம் கழித்து, போன வருடம் ஒருநாள், கையில் ஒரு நோட்டீஸோடு என் வீட்டுக்கு வந்தார். வெளியூர் மோட்டார் கிளப் ஒன்று, பெரிய செலவு செய்ய முடியாதவர்களுக்காக ராலி என்று ஒரு வண்டிப் போட்டி நடத்துகிறது. கம்பத்தில் தொடங்கிக் கம்பம்மெட்டில் முடியும். வேகமாகப் போவதற்குப் பரிசு இல்லை. குறித்த இடத்தில் குறித்த நிமிடத்தில் இருப்பதற்குப் பரிசு. அரசு ஊழியன் ஜெயிக்கவே முடியாத விளையாட்டு. டிரைவருக்குப் பக்கத்தில் நேரத்தையும் தூரத்தையும் கணக்குப் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

“அதுக்கு நீங்கதான் சார் வரணும்” என்றார். வயதான காலத்தில் இவருக்கு ரேஸ் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். ஓய்வு பெற்றவனை யாராவது எதற்காவது வேண்டும் என்று கூப்பிட்டால் வேறு எதுவும் நினைக்கத் தோன்றாது. சரி என்றேன்.

வண்டி, கதவு இல்லாத ஒரு பழைய ஜீப். எஞ்சின், ஓர் ஏலத் தோட்டத்தில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த டீசல் எஞ்சின். அது ஒரு காலத்தில் ஜீப்பில் இருந்தது என்பதை அதுவே மறந்திருந்தது. மூன்று மாதம் வேலை நடந்தது. தினமும் காலையில் நான் போய் ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வேன். பிளாக்கைத் தேனிக்குக் கொண்டுபோய்ப் போரிங் செய்து, கிராங்கைக் கிரைண்டிங் செய்து கொண்டுவந்தார். வால்வுகளை ஒவ்வொன்றாகக் கையாலேயே தேய்த்து உட்கார வைத்தார். ஒவ்வொரு பாகத்தையும் டீசலில் கழுவி வெள்ளைத் துணியில் பரப்பினார். மேஜை போட்டுச் சாப்பாடு பரிமாறலாம் போல இருந்தது. இவ்வளவு சுத்தமான வேலையை நான் பார்த்ததில்லை என்று சொன்னேன். அவர் சந்தோஷப்படவில்லை.

கடைசி நாள், எஞ்சினின் அடியில் எண்ணெய் நிற்கும் சம்ப்பை மாட்டும் நேரம். கல்யாணப் பத்திரிகை அட்டையை வைத்தார். அது ஓர் ஓரத்தில் சரியாக உட்காரவில்லை. வேறு வெட்டாமல், கசிவை அடைக்கும் பேஸ்ட் ட்யூபை எடுத்து, பிறந்தநாள் கேக்கில் கிரீம் வைப்பது போல முழு ட்யூபையும் பிதுக்கினார்.

நான் பதறிப்போய், பயிற்சிக்கு வந்த ஆளிடம் சொல்வது போல விளக்கினேன். அதிகப்படியான பேஸ்ட் உள்ளே உதிரும், எண்ணெய் உறிஞ்சுகிற சல்லடையில் போய் அடைக்கும், எண்ணெய் மேலே ஏறாது, ஏற்றத்தில் எஞ்சின் ஜாம் ஆகிவிடும்.

“தெரியும் சார்” என்றார். “அன்னைக்கும் இம்புட்டுத்தான் வச்சேன்.”

அவர் போல்ட்டுகளை முடுக்கிக்கொண்டே, யாருடைய கதையையோ சொல்வது போலச் சொன்னார்.

“காலைல ட்ரிப்புக்கு வண்டி வேணும்னு தம்பி தலைமாட்டுல நிக்கிறான். அட்டை ஒக்காரல. வேற வெட்ட நேரமில்ல. பேஸ்ட்ட ரொப்பி மூடிட்டேன். அதே மாதிரி எஞ்சின், அதே மாதிரி அட்டை, அதே ரோடு. அந்த வளைவுல ஜாம் ஆகும் சார். கிளப்புக்காரக மணி போட்டுக் கையெழுத்துப் போடுவாக. மூணாவது ஆளு, நேரம், எடம், மூணும் வந்துருச்சா? நீங்களும் கண்ணால பாப்பீக.”

இத்தனை வருடமாக என் வாய்ச்சொல்லை அவர் சுமந்துகொண்டிருந்திருக்கிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது. ஜெயிப்பதற்காக எஞ்சின் கட்டுகிறவர்கள் உண்டு. நின்று போவதற்காக மூன்று மாதம் பாடுபட்டு ஒரு எஞ்சினைக் கட்டியவரை அன்றுதான் பார்த்தேன்.

“நின்னா நாமளும் பள்ளத்துலதானய்யா போவோம்?” என்றேன்.

“நாம ரெண்டு பேருதான சார்” என்றார். “பின்னாடி பதிமூணு பேரு கனத்துக்கு மணல் மூட்ட ஏத்துறேன். மணலுக்கு வீட்டுல அழுக ஆளில்ல.”

பின் சக்கரத்துக்குப் போட ஒரு மரக்கட்டையைக் கயிற்றில் கட்டி என் காலடியில் வைத்திருப்பதாகவும், வண்டி நின்றவுடன் நான் அதோடு குதித்துவிட வேண்டும் என்றும் சொன்னார். அறுபத்திமூன்று வயதில் குதிப்பதற்கு விதியில் இடமில்லை. வர மறுப்பதற்கு எனக்குப் பத்துக் காரணம் தெரியும். கயிற்றை இழுத்து முடிச்சைச் சரிபார்த்தேன்.

ராலி அன்று காலை கிளப் பிள்ளைகள் வண்டிகளைச் சோதித்தார்கள். மணல் மூட்டை எதற்கு என்று கேட்டார்கள். “பேலன்ஸுக்கு” என்றார் கேஸ்கட். தீயணைப்புக் கருவி எங்கே என்றார்கள். சினிமா தியேட்டரில் இரவல் வாங்கிய, ஆள் உயரக் கருவியைக் காட்டினார். அவர்கள் படிவத்தில் நான்கு பிழைகள் இருப்பதை நான் சுட்டிக்காட்டினேன். அதற்குப் பிறகு எங்களைச் சீக்கிரம் அனுப்பிவிட்டார்கள்.

அடிவாரம் தாண்டி ஏற ஆரம்பித்தோம். நான் மடியில் அட்டையை வைத்துக்கொண்டு நிமிடம் சொன்னேன். அவர் எஞ்சின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த வளைவு வந்தது. தடுப்புச் சுவரில் ஒரு துண்டு மட்டும் வேறு நிறச் சிமெண்டில் இருந்தது. கியரைக் குறைத்து ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். நான் கட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

எஞ்சின் நிற்கவில்லை. தாலாட்டுப் பாடுவது போல முனகிக்கொண்டு வளைவைத் தாண்டியது.

கேஸ்கட் வண்டியைத் திருப்பிக் கீழே இறக்கி மறுபடி ஏற்றினார். மறுபடியும் தாண்டியது. மூன்றாவது முறை ஏறும்போது, வளைவில் நின்ற கிளப் பையன் எங்களைப் பார்த்துக் கைதட்டினான். ராலியில் வழி தெரியாமல் சுற்றும் கிழவர்கள் என்று நினைத்திருப்பான். “ஏலே, நில்லுலே” என்று கேஸ்கட் ஸ்டியரிங்கை அடித்தார். அது நிற்கவில்லை.

கம்பம்மெட்டு வரைக்கும் போய்ச் சேர்ந்தோம். நேரக் கணக்கில் கடைசி இடம். ஆனால் அவ்வளவு பழைய எஞ்சின், அவ்வளவு பாரத்தோடு, ஒரே மலையை மூன்று முறை ஏறியதை மெச்சி, சிறப்பாகத் தயார் செய்யப்பட்ட எஞ்சினுக்கென்று ஒரு கேடயத்தைக் கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள். அந்தப் போட்டோவில் கேஸ்கட்டைப் பார்க்கிறவர்கள், யாருக்கோ துக்கம் கேட்க வந்த இடத்தில் கேடயத்தைக் கையில் திணித்துவிட்டார்கள் என்று நினைப்பார்கள்.

டீக்கடைக்குப் பின்னால் ஜீப்பின் நிழலில் உட்கார்ந்தார். கேடயத்தைப் பக்கத்தில் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டார்:

“அப்ப அவன் தூங்கித்தான் போயிட்டானா சார்?”

சம்ப்பைக் கழற்றிப் பார்ப்போம் என்றேன். சூடான எண்ணெயை ஒரு சட்டியில் வடித்துக் கழற்றினார். சல்லடையில் பேஸ்ட் துணுக்குகள் ஒட்டியிருந்தன. பாதி அடைத்திருந்தது. பாதி திறந்திருந்தது.

“பாதின்னா என்ன சார் அர்த்தம்?”

ஆயுள் முழுக்க ஆம், இல்லை என்றே எழுதிய எனக்குப் பாதிக்கு ஒரு வாக்கியம் தெரியவில்லை. தெரிந்த ஒன்றைச் சொன்னேன்.

“அன்னைக்கு எஞ்சின் முன்னாடி ஹேண்டில் போட்டுக் கையால ஒரு சுத்துச் சுத்தியிருந்தா, எஞ்சின் ஜாமா இல்லையான்னு அந்த நிமிஷமே தெரிஞ்சிருக்கும். படிவத்துல அதுக்குக் கட்டம் இல்ல. மூணு வண்டி வேற காத்துக்கிட்டிருந்துச்சு. நான் சுத்தலய்யா.”

பதினெட்டாம் நம்பர் ஸ்பேனர் அவர் கையில் இருந்தது. அதை அவர் என் தலையில் போட்டிருந்தால், அது முறையான நடவடிக்கை என்றே பதிவு செய்திருப்பேன். அவர் அதைத் துடைத்துப் பையில் வைத்தார்.

மறுநாள் உட்கார்ந்து எழுதினேன். மேற்படி வாகனத்தின் எஞ்சினை நான் சோதிக்கவில்லை. ஆகவே இயந்திரக் கோளாறு இல்லை என்று நான் எழுதிய வாக்கியத்துக்கு ஆதாரம் கிடையாது. நோட்டரி முத்திரை வாங்கி, அனுப்ப வேண்டிய இடங்களுக்கெல்லாம் ஒப்புதல் அட்டையுடன் அனுப்பினேன். ஒரு பிரதியை முருகேசனின் மனைவி செல்வியிடம் நேரில் கொடுக்கப் போனோம். அந்தம்மா இன்றைக்கும் அதே ரோட்டில் ஜீப் ஏறித்தான் ஏலக்காய் பறிக்கப் போகிறது.

செல்வி இரண்டு முறை படித்தது. குரலை உயர்த்தவில்லை.

“இத அன்னைக்கே எழுதியிருந்தா, தூங்கிப்போயி ஆளுகள உருட்டுனவன் மகளுன்னு எம்மகளப் பொண்ணு பாக்க வந்தவுக சொல்லியிருக்க மாட்டாகல்ல சார்?”

பக்கத்திலிருந்து கேஸ்கட் முந்திக்கொண்டார்.

“சாரச் சொல்லாதத்தா. அவுக அன்னைக்கு வண்டியப் பாக்கையில நானும் அங்கனதான் நின்னேன். ஒரு சுத்துச் சுத்திப் பாருங்க சார்னு நான்ல சொல்லியிருக்கணும்? வாயில்லாமப் போச்சு. அது என் தப்பு.”

என் பங்கையும் எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொள்ளப் பார்த்தார்.

“யோவ், இது என்னோடது” என்றேன். “இத மட்டும் எனக்கு விட்டுரு.”

கேஸ்கட் யோசித்தார். அதுவரை என்னை சார் என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லிக் கூப்பிடாத மனிதர், என் தோளில் கையை வைத்து, “சரிண்ணே” என்றார்.