விரிசலுக்கு ரெண்டு கோட்டிங்

"அக்கா, சீக்கிரம் கதவைத் திறங்க. கை விட்டுப் போகுது."

பக்கத்து வீட்டு அக்கா கதவைத் திறந்தபோது, பெயிண்டர் டிவியைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு நின்றான்.

"என்ன தம்பி, வீடு மாத்தறீங்களா?"

"இல்லக்கா. சங்கத்துலேருந்து இன்னிக்கு வீட்டுக்கு வர்றாங்க. டிவி இருக்கிற வீட்டுக்குத் தையல் மெஷின் கிடையாதாம், டீக்கடையில சொன்னாங்க. மத்தியானம் வரைக்கும் இங்க இருக்கட்டும்."

அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "அந்த மூலையில இடமில்லை. இந்தப் பக்கம் வைங்க."

அந்த மூலையில் எதையோ போர்வை போட்டு மூடி வைத்திருந்தாள். அதையெல்லாம் கவனிக்கப் பெயிண்டருக்கு ஏது நேரம்?

சங்கம் என்பது நாலைந்து தெருக்காரர்கள் சேர்ந்து நடத்துவது. கஷ்டப்படுகிற குடும்பத்துக்குப் பிழைக்க ஒரு வழி செய்து கொடுப்பார்கள். பெயிண்டரின் மனைவி பத்து வருஷமாக யாரோ ஒருவரின் மெஷினில் யாருக்கோ தைத்து முதுகு ஒடிந்தவள். சொந்தமாக மோட்டார் மெஷின் இருந்தால் அறுபது சீருடை தருகிறோம் என்று ஒரு பள்ளிக்கூடம் சொல்லியிருந்தது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். மனு எழுதிப் போட்டது அவள். மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கிளம்பியது இவன். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

திரும்பி வந்து பார்த்தால், டிவி இருந்த இடத்தில் சுவர் மட்டும் பளிச்சென்று சதுரமாகத் தெரிந்தது. இங்கே டிவி இருந்தது என்று எழுதி ஒட்டாத குறைதான்.

மிச்சமிருந்த டிஸ்டெம்பரில் கொஞ்சம் சாம்பல் நிறம், கொஞ்சம் பழுப்பு கலந்து, சதுரத்தின் மேல் ஈரக் கறை ஒன்று வரைந்தான். கறை இருந்தால் தண்ணீர் எங்கிருந்தோ இறங்க வேண்டுமே? கூரையிலிருந்து ஒரு விரிசலை இழுத்துவிட்டான். தொழில்காரன் கை சும்மா இருக்குமா? விரிசலுக்கு ரெண்டு கோட்டிங் கொடுத்து, ஓரத்தில் நிழலும் போட்டான். தள்ளி நின்று பார்த்தபோது அவனுக்கே பயமாக இருந்தது.

இவ்வளவு இடிந்த வீட்டில் மேஜை நாற்காலி எதற்கு? அவையும் அக்கா வீட்டுக்குப் போயின. பின்னாலேயே ஃபேன் போனது.

"சுவரை மட்டும்தான் விட்டு வெச்சிருக்கீங்க போல" என்றாள் அக்கா.

"அதையும் கவனிச்சுட்டேன்க்கா."

கடைக்குப் போயிருந்த மனைவி, சங்கத்துக்கு எலக்ட்ரீஷியன் வேலை பார்க்கும் அம்மாவை வழியில் பார்த்துக் கையோடு அழைத்து வந்தாள். உள்ளே கால் வைத்த மனைவி சுவரைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"காலையில நல்லாத்தானே இருந்துச்சு? வீடு இடியப் போகுதுங்க."

பெயிண்டர் கண்ணைக் காட்டினான். கண்ணில் தூசி விழுந்துவிட்டதா என்று கேட்டாள்.

எலக்ட்ரீஷியன் அம்மா பையைக் கீழே வைத்தாள். "மேஜை எங்க?"

"இல்லைங்க" என்றான் பெயிண்டர்.

"நாற்காலி?"

"தரைதாங்க."

"ஃபேன்?"

"காத்து வந்தா உண்டுங்க."

மனைவி வாயைத் திறந்தாள். பெயிண்டர் அவள் காலை மிதித்தான்.

"அப்ப மெஷினை எங்க மாட்டறது? வண்டியில கொண்டாந்திருக்கேன்." எலக்ட்ரீஷியன் அம்மா விரிசலை அண்ணாந்து பார்த்தாள். "இந்தச் சுவர்ல ப்ளக் பாயிண்ட் போட முடியாது. ஈரம். ஷாக் அடிச்சா யார் பதில் சொல்றது? திருப்பி எடுத்துட்டுப் போறேன். அடுத்த வீட்டுக்காவது ஆகட்டும்."

மனைவி "அறுபது சீருடை" என்று மட்டும் முணுமுணுத்தாள். பெயிண்டர் ஈரத்துணியை எடுத்து வந்து சுவரைத் துடைக்க ஆரம்பித்தான். கறை போயிற்று. விரிசலின் கீழ்ப்பாதி போயிற்று. மேல்பாதி காய்ந்துவிட்டிருந்தது. வேலை அவ்வளவு சுத்தம்.

"நான் வரைஞ்சதுங்க. மேஜை, டிவி எல்லாம் இருக்கு. பக்கத்து வீட்டுல ஒளிச்சு வெச்சிருக்கேன். அவளுக்கு ஒண்ணும் தெரியாது. தப்பு என்னோடது, மெஷினை அவகிட்ட கொடுத்துடுங்க."

மனைவி அவனையே பார்த்தாள். "நாலு வருஷமா இந்தச் சுவருக்குப் பெயிண்ட் அடிங்கன்னு கெஞ்சறேன். அதுக்கு நேரமில்லை. விரிசல் போட மட்டும் நேரமிருக்கு." கோபமாகத்தான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது சிரிப்பு வந்துவிட்டது.

எலக்ட்ரீஷியன் அம்மா சிரிக்கவில்லை. "நான் மெஷின் மாட்டற ஆளுங்க. யாருக்குக் கொடுக்கலாம்னு வீட்டைப் பார்த்து எழுதறது உங்க தெருவுலயே ஒருத்தங்க. யாருன்னு வெளியில சொல்றதில்லை. இனிமே அவங்க சொல்றதுதான்."

வாசலில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டு அக்கா டிவியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றாள்.

"டிவி, மேஜை, ஃபேன் எல்லாத்தையும் போன வாரமே படிவத்துல எழுதி, இவங்களுக்கு மெஷின் அவசியம்னும் எழுதிக் கொடுத்துட்டேன் தம்பி. இப்ப இதைப் பிடிங்க, இந்தத் தெருவுல இன்னும் அஞ்சு வீட்டு டிவி என் வீட்டுலதான் ஒளிஞ்சிருக்கு, எனக்குக் கால் நீட்ட இடமில்லை."